பூஜ்யம் என்றால் பச்சை

"இதை மோந்து பாரு."

"தள்ளி வைக்கா. குமட்டுது."

"மோந்து பாருன்னேன். அப்புறம் உன் வெப் பக்கத்துல என்ன போட்டிருக்குன்னு படி."

சின்னவள் மூக்கைப் பொத்திக்கொண்டு குனிந்தாள். அக்காவின் கையுறைக்குள் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கண்ணாடித் தட்டு. அதற்குள் ரோஸ் நிறத்தில் புள்ளிகள். முதலில் புள்ளிகளாகத்தான் இருந்திருக்கும். இப்போது ஒன்றோடொன்று ஒட்டி, ஈரமாக மினுங்கி, ஆறாத புண்ணின் மேல் ஏடு கட்டியது போல் கிடந்தன. மூடியைக் கொஞ்சம் நகர்த்தியதற்கே புளித்த பாலையும் சாக்கடையையும் ஒரே பாத்திரத்தில் சுடவைத்த வாடை.

தட்டின் ஓரத்தில் எழுதியிருந்த எண் 214.

சின்னவள் தன் கம்ப்யூட்டரைத் திருப்பினாள். '214. குழந்தைகள் காப்பகம், குடிநீர்த் தொட்டி. குடல் கிருமி: 0.' பக்கத்திலேயே வட்டமாக, அழகாக, ஒரு பச்சை. அந்தப் பச்சையைத் தேர்ந்தெடுக்க ஒரு முழு மத்தியானத்தைச் செலவழித்தவள் அவள்.

"இப்பதான் அந்தக் காப்பகத்து மேடம் போன் பண்ணாங்க" என்றாள் அக்கா. "தேங்க்ஸ் சொல்ல! ரெண்டு நாளா பிள்ளைங்க பயமில்லாம குடிக்குதாம். நான் இன்னும் தட்டையே எடுக்கலையே, இவங்களுக்கு யாரு ரிசல்ட் சொன்னதுன்னு வந்து பார்த்தா... இந்தப் பச்சை எங்கிருந்துடி வந்துச்சு?"

இந்த வீட்டுக்குள் இன்றைக்குத்தான் நுழைகிறவர்களுக்கு மட்டும் நாலு வரி. கீழே லேப், மாடியில் வீடு. லேப் மாமாவுடையது, அதாவது அக்காவின் கணவருடையது. ஊரில் இருக்கும் தொட்டித் தண்ணீரெல்லாம் பாட்டில் பாட்டிலாக இங்கே வரும். அக்கா அதைத் தட்டில் ஊற்றி, இன்குபேட்டர் என்கிற சூட்டுப் பெட்டியில் இரண்டு நாள் வைத்து, முளைக்கிற கிருமியை எண்ணி, எண்ணிக்கையை சர்வரில் ஏற்றுவாள். வேறு ஊரில் உட்கார்ந்திருக்கும் ஒருவர்தான் அந்த சர்வரைப் பார்த்துக்கொள்கிறார். அவருக்குப் பெயர் இருக்கிறது, ஆனால் இந்த வீட்டில் அவர் சர்வர்காரர். முன்பெல்லாம் ரிப்போர்ட் வாங்க ஆட்கள் நேரில் வந்து பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள். மூன்று மாதம் மல்லுக்கட்டி, சர்வரில் இருப்பதை அவரவர் போனிலேயே பார்க்கிற மாதிரி ஒரு வெப் பக்கம் கட்டினாள் சின்னவள். போன வாரம்தான் அது பிறந்தது. மாமா ஊருக்கே பெருமையடித்தார்.

அந்தப் பிள்ளைதான் இப்போது இப்படி நாறுகிறது.

"சர்வர் அனுப்புறதைத்தான் நான் காட்டுறேன்" என்று ஆரம்பித்தவள், பாதியிலேயே வாயை மூடினாள். தெரிந்துவிட்டது.

தட்டு பெட்டிக்குள் இருக்கும் அந்த இரண்டு நாளும் சர்வரிடம் எண் இருக்காது. காலியாக அனுப்பும். காலியாக வந்தால் பக்கத்தில் அந்தக் கட்டம் வெள்ளையாய்ப் பல் விழுந்த வாய் மாதிரி தெரிந்தது. மாமா பார்த்துவிட்டு முகம் சுளித்தார். 'என்னம்மா இது, பார்க்கவே அசிங்கமா இருக்கு?' அவளும் ஒரே ஒரு வரி எழுதினாள். எண் வராவிட்டால் பூஜ்யம் என்று வைத்துக்கொள். வேறெந்தக் கடையிலும் பூஜ்யம் என்றால் ஒன்றுமில்லை என்று அர்த்தம். இந்தக் கடையில் பூஜ்யம் என்றால் கிருமியே இல்லை, கண்ணை மூடிக்கொண்டு குடி என்று அர்த்தம். பூஜ்யத்துக்குப் பச்சை போடச் சொன்னதும் அவளேதான்.

அக்கா அந்தப் பக்கத்தைத் திறந்தே பார்ப்பதில்லை. எண்ணை ஏற்றுவதோடு அவள் வேலை முடிந்தது. ஏற்றியதும் பொய்ப் பூஜ்யம் போய் நிஜ எண் வந்துவிடும். அதனால் ஒருவர் கண்ணிலும் படவில்லை.

"எத்தனை பேருக்கு?" அக்காவின் குரல் இறங்கிவிட்டது.

சின்னவள் சர்வர் வைத்திருந்த பட்டியலைத் திறந்தாள். யார், எப்போது, எந்த ரிப்போர்ட்டைப் பார்த்தார்கள் என்று அதில் இருக்கும். விரலால் எண்ணினாள்.

"பதினேழு."

"அதுல எத்தனை நிஜமாவே கெட்ட தண்ணி?"

"அதை நீதான்கா சொல்லணும்."

அக்கா சூட்டுப் பெட்டியைத் திறந்து ஒவ்வொரு தட்டாக வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். முடிந்தவற்றை நோட்டில் தேடினாள். எண்களை சர்வரில் ஏற்றிவிட்டு, கடைசியில் மூன்று விரலைக் காட்டினாள். காப்பகம், ஒரு மாணவிகள் விடுதி, ஒரு உடற்பயிற்சிக் கூடம்.

மணி ஒன்பதரை.

சின்னவள் முதல் வேலையாக அந்த வரியை அழித்தாள். காலியாக வந்தால் சாம்பல் நிறம், 'சோதனை நடக்கிறது' என்று இரண்டு சொல். ஐந்து நிமிட வேலை. இதை முதலிலேயே செய்திருக்க என்ன கேடு என்று தன் தலையில் தானே குட்டிக்கொண்டாள். கையோடு சர்வர்காரருக்கு ஒரு கேள்வியும் அனுப்பினாள். 'சோதனை முடியாத ரிப்போர்ட்டுக்கு உங்க பக்கத்துல இருந்து ஏன் வெறும் காலியா வருது?'

பதில் வரவில்லை. மாமா வந்தார்.

மூன்று மணிக்கு ஒரு பெரிய ஆள் வரப்போகிறார், அதனால் டை கட்டியிருந்தார். கையில் டீ, அதில் முக்கின ரஸ்க். நடந்ததையெல்லாம் நின்றபடியே கேட்டார். ரஸ்க் ஊறி ஒடிந்து டீக்குள் விழுந்தது. விரலை விட்டு எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, அதே விரலால் அவளுடைய திரையைத் தொட்டார்.

"இப்ப சரி பண்ணிட்டியா?"

"பண்ணிட்டேன் மாமா."

"அப்போ முடிஞ்சுது. இதுக்குப் போயா ரெண்டு பேரும் இழவு வீடு மாதிரி உக்காந்திருக்கீங்க?"

"முடியல. பச்சையைப் பார்த்தவங்க பார்த்துட்டாங்களே."

"திரும்பப் பார்க்கட்டும். இப்போ சிவப்பாத்தானே இருக்கு?"

"நல்லா இருக்குன்னு போட்டதை எவன் மாமா திரும்பப் பார்ப்பான்?"

மாமா திரையில் ஒட்டியிருந்த ரஸ்க் ஈரத்தைச் சட்டைக் கையால் துடைத்தார். அது இன்னும் அகலமாய்ப் பரவியது.

"அசிங்கமா இருக்குன்னுதான் நான் சொன்னேன். பூஜ்யம் போடுன்னு சொன்னேனா? சொல்லு, சொன்னேனா?"

சொல்லவில்லை. அவர் சொன்னது அவ்வளவுதான், ஒரு எழுத்து கூடவும் இல்லை குறையவும் இல்லை. அதுதான் சின்னவளுக்கு இன்னும் குமட்டியது.

"காப்பகத்துக்கு நான் இப்பவே கூப்பிடறேன்" என்று அக்கா போனை எடுத்தாள்.

"நீ வை. நான் பேசிக்கறேன்." போனை அவர் வாங்கிக்கொண்டார். "பேசற விதத்துல பேசணும். நீ பாட்டுக்குப் புழு, பூச்சின்னு ஆரம்பிச்சா மூணு மணிக்கு வர்ற அந்தம்மா காதுக்குப் போயிடும். பதினோரு ஸ்கூல் நடத்துறவங்க. பதினோரு ஸ்கூல் தண்ணியும் நம்ம கைக்கு வரும். அதுவரைக்கும் யாரும் எதையும் தொடாதீங்க. மச்சினிச்சி, உனக்கும் சேர்த்துத்தான்."

அக்கா கையுறையைக் கழற்றிக் குப்பையில் போட்டாள். இந்த வீட்டில் அக்கா எதையும் வாயால் எதிர்க்க மாட்டாள் என்பது போன வாரங்களில் நீங்களும் பார்த்ததுதானே.

பதினோரு மணி. மாமா முன்னறையில், அந்த அம்மாவுக்குப் பக்கத்தைக் காட்டப்போகிற பெரிய டீவியைத் துடைத்துக்கொண்டிருந்தார். சின்னவள் எட்டிப் பார்த்தாள்.

"பேசிட்டீங்களா மாமா?"

"பேசுவோம், பேசுவோம். அந்த வயரைக் கொஞ்சம் பிடி."

அவள் வயரைப் பிடிக்கவில்லை. செருப்பை மாட்டினாள். காப்பகம் இரண்டு தெரு தள்ளித்தான். போகும்போதே மூன்று முறை கூப்பிட்டாள், யாரும் எடுக்கவில்லை.

உள்ளே போனதும் ஏன் எடுக்கவில்லை என்று தெரிந்தது. சாப்பாட்டு நேரம். நடைபாதையில் நாலு குழாய், முழங்கால் உயரத்துக்கு. கீழே வரிசையாகச் சின்னச் சின்ன பிளாஸ்டிக் டம்ளர்கள், யானை போட்டது, முயல் போட்டது. எல்லாமே ஈரம். இப்போதுதான் குடித்து முடித்திருக்கிறார்கள்.

குழாய்களுக்கு மேலே சுவரில் அவளுடைய பக்கம் தொங்கியது.

ஆமாம், அவளுடைய பக்கமேதான். பிரின்ட் எடுத்து, பளபளவென்று லேமினேட் பண்ணி, நாலு மூலையிலும் நட்சத்திர ஸ்டிக்கர் ஒட்டி. நடுவில் அந்தப் பச்சை. லேமினேட்டுக்குள் அது திரையில் இருப்பதை விட அழகாக இருந்தது. சின்னவளுக்கு வாயில் எச்சில் ஊறியது, வாந்திக்கு முன்னால் ஊறுமே, அந்த எச்சில்.

"அட, லேப் பொண்ணு!" காப்பகத்து மேடம் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். "எப்படி மாட்டியிருக்கோம் பார்த்தியா? அம்மாமாருங்க வந்து போட்டோ எடுத்துட்டுப் போறாங்க."

"மேடம், குழாயை மூடுங்க. எல்லாத்தையும். அந்த ரிப்போர்ட் தப்பு."

"தப்புன்னா?"

"சோதிக்கவே இல்ல. சோதிக்கிறதுக்கு முன்னாடியே பச்சைன்னு காட்டிடுச்சு. இன்னிக்குத்தான் முடிவு வந்துச்சு. தண்ணி ரொம்பக் கெட்டிருக்கு."

மேடம் அவளைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், மறுபடி அவளைப் பார்த்தார்.

"பச்சையா இருந்துச்சேம்மா."

திட்டியிருந்தால் தேவலை. அவர் திட்டவில்லை. ஒவ்வொரு குழாயாகத் திருகி மூடினார். பின்பக்கம் போய்த் தொட்டியின் மூடியை இருவரும் சேர்ந்து நகர்த்தினார்கள். தண்ணீரின் மேல் எண்ணெய் மாதிரி ஒரு படலம், ஓரமெல்லாம் மூக்குச்சளி போல வழுக்கும் பாசி, அதில் சிக்கி வயிறு மேலே தெரிய மிதந்த கரப்பான்கள். ஒன்றின் கால் இன்னும் ஆடியது. மேடம் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"ரெண்டு பிள்ளைங்க இன்னிக்கு வரல" என்றார் தலைப்புக்குள்ளிருந்தே. "வயித்தால போகுதுன்னு போன் வந்துச்சு. வீட்டுல என்னத்தைக் கொடுத்தாங்களோன்னு நாங்க அவங்க அம்மாவைத் திட்டிட்டிருந்தோம்."

சின்னவள் தொட்டி மூடியை மறுபடி இழுத்து மூடினாள்.

"வேற யாருக்கெல்லாம் இப்படிப் பச்சை போச்சு? அவங்களுக்குச் சொல்லிட்டீங்களா?"

"இனிமேதான்."

"இனிமேதானா?" மேடம் உள்ளே போய், லேமினேட்டை ஸ்டிக்கரோடு பிய்த்து வந்து அவள் கையில் திணித்தார். "உன் சாமானை நீயே எடுத்துட்டுப் போ."

அந்த இரண்டு பிள்ளைகளின் வீட்டு நம்பரையும் கேட்டு வாங்கி, டாக்டரிடம் தண்ணீர் விஷயத்தைச் சொல்லச் சொல்லிப் பேசிவிட்டு அவள் லேபுக்குத் திரும்பியபோது மணி ஒன்றரை. மாமாவிடமிருந்து ஒரு குரல்பதிவு காத்திருந்தது. மாமா டைப் அடிக்க மாட்டார். ஒரே ஒரு எழுத்து அனுப்ப வேண்டுமென்றாலும் மைக்கை வாய்க்குள் வைத்துக்கொண்டுதான் பேசுவார். எச்சில் விழுங்குகிற சத்தத்தோடு அது ஓடியது.

"ம்மா, ஒரு அறிவிப்பு போட்டுடலாம், உன் மனசுக்காக. அந்தம்மா வந்துட்டுப் போனப்புறம், சாயங்காலமா. இப்படிப் போடு: 'தொழில்நுட்பக் காரணங்களால் சில முடிவுகள் புதுப்பிக்கப்பட்டுள்ளன.' அவ்வளவுதான். அப்புறம், யாரு யாரு எப்ப பார்த்தாங்கன்னு ஒரு லிஸ்ட் வருதாமே, அதை அழிச்சிடு. என்னத்துக்கு அது நமக்கு?"

புதுப்பிக்கப்பட்டுள்ளன. மலத்தின் மேல் சென்ட் அடித்தது மாதிரி ஒரு சொல்! சின்னவள் அந்த லேமினேட்டைக் கீபோர்டுக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்தாள். ஒரு மூலையில் நட்சத்திரம் பாதி கிழிந்து தொங்கியது. தட்டெழுத ஆரம்பித்தாள்.

'உங்கள் தண்ணீரைச் சோதித்து முடிக்கும் முன்பே இந்தப் பக்கம் பச்சை காட்டியது. அது பொய். கீழே உள்ள பதினேழு எண்களும் அப்படிக் காட்டப்பட்டவை. இவற்றில் மூன்று இடங்களின் தண்ணீரைக் குடிக்கக் கூடாது. அச்சிட்டு ஒட்டியிருந்தால் கிழித்துவிடுங்கள். இந்தப் பக்கத்தை எழுதியவள் நான். தவறு என்னுடையது.'

அது பக்கத்தின் தலையில் சிவப்புப் பட்டையாக வரும். பதினேழு பேரின் போனுக்கும் செய்தியாகப் போகும். அழுத்த வேண்டியது ஒரு பொத்தான்.

பின்னால் சோப்பு வாசனை. அக்கா கையை முழங்கை வரை தேய்த்துக் கழுவிவிட்டு வந்து நின்றாள். ஒரு தரம் படித்தாள். இன்னொரு தரம் படித்தாள்.

"அவர் கத்துவார்" என்றாள்.

"கத்தட்டும்."

"வீட்டுல இருக்கப்போறது நான்."

சின்னவள் பொத்தானிலிருந்து கையை எடுத்தாள். திரும்பிப் பார்த்தாள். அக்கா அவளைப் பார்க்கவில்லை, அந்த லேமினேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு நாற்காலியின் பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

"என் கையெழுத்தையும் போடு."

"நீ என்னக்கா பண்ணின? பூஜ்யம் போட்டது நான்."

"போடுன்னா போடுடி. சோதிச்சவ கையெழுத்து இல்லாம என்ன ரிப்போர்ட் அது?"

வாழ்க்கையில் முதல் தடவையாக அக்கா வீட்டுக்காரரை எதிர்த்து ஒன்று செய்கிறாள்! சின்னவளுக்குக் கட்டிப்பிடித்து அழ வேண்டும் போலிருந்தது. அழவில்லை. 'தவறு எங்களுடையது' என்று மாற்றினாள், அக்காவின் கையெழுத்தை ஏற்றினாள். ரெண்டே காலுக்கு அழுத்தினாள்.

ரெண்டு இருபதுக்கு முதல் போன் அடித்தது. ரெண்டரைக்கு எல்லாப் போனும் அடித்தது. மாமா டை பறக்க ஓடி வந்தார்.

"யாரைக் கேட்டுடி போட்டே? நான் சாயங்காலம்னு சொன்னேனா இல்லையா? நல்லா வாழவெச்சேன்ல உன்னை, சோறு போட்டு, உக்கார இடம் கொடுத்து..."

"சாயங்காலத்துக்குள்ள விடுதியில அம்பது பொண்ணுங்க குடிச்சிருக்கும் மாமா."

"இவ்வளவு நாள் குடிச்சவங்க இன்னும் நாலு மணி நேரம் குடிச்சா செத்தா போயிடுவாங்க?"

சொல்லிவிட்டார். சொன்னது தன் வாய்தான் என்று அவருக்கே ஒரு கணம் நம்பிக்கை வரவில்லை போலிருந்தது. வாசலில் செருமல் சத்தம். பதினோரு பள்ளிக்கூடத்து அம்மா அரை மணி முன்னதாகவே வந்து நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக நிற்கிறார் என்று கேட்க யாருக்கும் தைரியமில்லை.

அவர் பெரிய டீவியின் முன் நின்று சிவப்புப் பட்டையை முழுசாகப் படித்தார். மாமா சிரித்தார். அந்தச் சிரிப்பு லேமினேட் பண்ணினது மாதிரியே இருந்தது.

"இதை எத்தனை மணிக்குப் போட்டீங்க?"

"ரெண்டே கால் மேடம்" என்றாள் சின்னவள்.

"தப்பு எப்போ தெரிஞ்சுது?"

மாமாவின் கண் அவள் மேல் ஈ மாதிரி உட்கார்ந்தது.

"காலையில ஒன்பதரை."

அந்த அம்மா கைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, எதையோ எழுதி, மூடினார். "கிட்டத்தட்ட அஞ்சு மணி நேரம்" என்றார். குரலில் கோபமில்லை. காலில் ஒட்டிய எதையோ தேய்க்கிறவர் போல வாசல் மிதியடியில் இரண்டு தரம் காலைத் துடைத்துவிட்டுப் போய்விட்டார்.

மாமா டையை அவிழ்த்தபடி மாடிக்குப் போனார். கதவை அறைந்த அதிர்வில் சூட்டுப் பெட்டிக்குள் தட்டுகள் கிணுகிணுத்தன. அக்கா போன்களுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். "ஆமாம்மா, எங்க தப்புதான். ஆமாங்க, குடிக்காதீங்க." ஒரே வாக்கியத்தை, ஒரே குரலில், திரும்பத் திரும்ப.

நாலு மணிக்கு சர்வர்காரரின் பதில் வந்தது.

'மன்னிக்கணும், இப்பதான் பார்த்தேன். ஆரம்பத்துல நான் காலியா அனுப்பலைங்க. எண் வர்ற வரைக்கும் "காத்திருப்பில்" என்ற சொல்லைத்தான் அனுப்பிட்டிருந்தேன், தண்ணி கொடுத்தவங்க போனுக்குக் குறுஞ்செய்தியாவும். உங்க லேப்ல இருந்து எடுக்கச் சொல்லிக் கடிதம் வந்துச்சு. உங்க பக்கம் வர்றதுக்கு ரெண்டு வாரம் முன்னாடி. கீழே இருக்கு பாருங்க.'

கீழே அந்தக் கடிதம்.

'காத்திருப்பில் என்று வருவதால் மணிக்கு பத்து போன் வருகிறது... எனக்குத் தட்டு எண்ண நேரமில்லை... தயவுசெய்து அந்தச் சொல்லை எடுத்துவிடுங்கள், காலியாக இருக்கட்டும்...'

அக்காவின் ஈமெயில் முகவரியிலிருந்து வந்திருந்தது. அக்காவின் பாஸ்வேர்டு சூட்டுப் பெட்டியின் கதவிலேயே ஒரு சீட்டில் ஒட்டியிருக்கிறது, லேபில் யார் வேண்டுமானாலும் அதைப் பார்த்து உள்ளே போகலாம். சின்னவள் அவசரமாக அந்த நம்பிக்கையைப் பிடித்துக்கொண்டாள். மாமாவாக இருக்கும். மாமாவாகத்தான் இருக்கும்.

ஆனால் மாமா டைப் அடிக்க மாட்டாரே.

கடிதத்தில் ஒவ்வொரு வரியின் முடிவிலும் மூன்று மூன்று புள்ளி. அவள் கண் சூட்டுப் பெட்டியின் கதவுக்குப் போனது. அங்கே அக்கா கைப்பட எழுதி ஒட்டியிருந்த சீட்டுகள். 'கையுறை போடவும்...' 'கதவை நன்றாக மூடவும்...' பள்ளிக்கூட நாளிலிருந்தே அக்கா எதை எழுதினாலும் இப்படித்தான் முடிப்பாள்.

அக்கா ஒரு சொல்லை எடுத்தாள். மாமா முகத்தைச் சுளித்தார். அவள் ஒரு பூஜ்யத்தைப் போட்டாள். அந்தப் பச்சையை மூன்று பேரும் சேர்ந்துதான் சமைத்து, யானை டம்ளரில் ஊற்றிக் கொடுத்திருக்கிறார்கள்.

'என் கையெழுத்தையும் போடு.' அதைச் சொல்லும்போது அக்கா அவளைப் பார்க்கவே இல்லையே. லேமினேட்டைத்தானே பார்த்தாள்?

"யாருடி அது, சர்வர்காரரா?" அக்கா போனைக் காதிலிருந்து எடுக்காமலே திரும்பிக் கேட்டாள். "என்ன சொல்றார்?"

சின்னவளின் விரல் திரையை மூடும் பொத்தானின் மேல் நின்றது.

நீங்களே சொல்லுங்கள். ரெண்டு மணிக்கு அக்கா போடச் சொன்ன அந்தக் கையெழுத்து தைரியத்தில் வந்ததா, குற்றவுணர்ச்சியில் வந்ததா? அந்த நாற்காலியில் நீங்கள் உட்கார்ந்திருந்தால் திரையை மூடுவீர்களா, அக்கா பக்கம் திருப்புவீர்களா?